வேன் குலுங்கினால் திறந்துகொள்ளும் வெல்டிங் பெட்டிக்கு

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் வேன் குலுங்கும்போதெல்லாம் வெல்டிங் பெட்டியின் மூடி திறந்துகொள்கிறது, கையுறையோடு கிளிப்பைத் தூக்கவும் முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். புதிய ஸ்பிரிங் போட்டுக் காசை வீணாக்காதீர்கள். உங்கள் கிளிப் ஒரு டோகல் லாட்ச், அதாவது கைப்பிடியை மடக்கினால் வளையம் மூடிக் கொக்கியை இழுத்துப் பூட்டும் வகை. அது இறுகி நிற்பது அதன் சுழல் ஆணிகள் அமைந்த இடத்தால்தான். கைப்பிடியை மடக்கியதும், வளையம் மாட்டிய ஆணி, அடித்தகட்டு ஆணிக்கும் மூடிக் கொக்கிக்கும் இடையிலான நேர்கோட்டைத் தாண்டி, பெட்டிப் பக்கம் சற்று உள்ளே போகவேண்டும். அப்படிப் போனால், மூடி இழுக்க இழுக்கக் கைப்பிடி பெட்டியோடு இன்னும் ஒட்டும். கோட்டிலேயே நின்றால் சாலையில் ஒரு குழி போதும், திறந்துவிடும்.

மூடி விளிம்பில் 3 மி.மீ. மென்ரப்பர் ஒட்டுங்கள், அமுங்க இடமில்லாமல் இரும்பும் இரும்பும் மோதினால் லாட்ச் இறுகாது. அடித்தகட்டைப் பெட்டி உடலில் பொருத்துங்கள், கைப்பிடி கீழ்நோக்கி மடங்கட்டும். நுனியை வெளியே வளைத்து 25 மி.மீ. இடைவெளி விட்டால் கையுறை விரல் தாராளமாக நுழையும்.

மெல்லிய தகட்டில் ரிவெட் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். எம்5 (5 மி.மீ.) போல்ட், நைலான் லாக் நட், உள்ளே 2 மி.மீ. தாங்குதகடு போடுங்கள். கடற்காற்று என்பதால் லாட்ச் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். நெடுந்தூரம் போகும்போது கைப்பிடித் துளையில் ஓர் ஆர்-பின் (R வடிவக் கம்பி ஊசி) கட்டாயம்.