ஆகப் பெரிதாகும்போது ஏன் மங்குகிறது?

கேள்வி: துடிக்கும் உடுக்கள் விரிந்து சுருங்குமாம். அப்படியென்றால் ஆகப் பெரிதாக இருக்கும்போதுதானே வெளிச்சமும் ஆகக் கூட இருக்க வேண்டும்? மேற்பரப்பு ஈர்ப்புக்கு இதில் என்ன வேலை? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை, ஆகப் பெரிதாகும் நேரத்தில் அது ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கும். ஆரை 10 சதவீதம் கூடினால் வெளிச்சம் 21 சதவீதம்தான் கூடும். வெப்பநிலை அதேயளவு கூடினால் 46 சதவீதம் கூடும், ஏனென்றால் அது நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. சேபீட் எனப்படும் துடிக்கும் உடு வகையைச் சேர்ந்த ஒன்று சுமார் 5,500 கெல்வினிலிருந்து 6,500 வரை சூடேறினால் அதனாலேயே வெளிச்சம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சுருங்கி முடித்து மறுபடி வேகமாக விரிந்து வரும்போதுதான் உச்ச வெளிச்சம். அப்புறம் மேற்பரப்பு ஆறிக்கொண்டே போகும்.

சரி, ஈர்ப்பு? உடுவின் திணிவு மாறாது, ஆகவே ஆரை கூடினால் ஈர்ப்பு குறையும். சேபீட்டுகள் சூரியனைப்போல் பல பத்து மடங்கு பருத்தவை, அவற்றின் மேற்பரப்பில் ஈர்ப்பு பெரும்பாலும் பூமியில் உள்ளதில் பத்திலொரு பங்குகூட வராது. சூரியனிலோ அது பூமியைப்போல் 28 மடங்கு! இழுவை குறைந்தால் வெளியே போன வாயு திரும்பி விழ நேரமெடுக்கும், துடிப்பும் ஆறுதலாகவே நடக்கும். அதனால்தான் பருத்த, பிரகாசமான சேபீட்டுக்குத் துடிப்புக் காலம் நீளம். வானியலாளர் ஹென்றியட்டா லெவிட் 1912இல் சிறிய மெகல்லன் முகில் என்ற அயல் விண்மீன் மண்டலத்தின் 25 உடுக்களை வைத்து இந்தத் தொடர்பைக் காட்டினார். நாட்களை எண்ணினாலே ஓர் உடுவின் உண்மையான ஒளிர்வைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விடயம்.

நீங்களே பாருங்கள். செப்டெம்பர் நடுவில் இரவு எட்டு மணிபோல், முகில் விலகினால், திருவோணத்தின் மூன்று வெள்ளிகள் உச்சிக்கு அருகே நிற்கும். நடுவில் உள்ள பிரகாசமானதிலிருந்து தெற்கே, நீட்டிய கையின் முட்டி அளவுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஈட்டா அக்குவிலே என்ற சேபீட் இருக்கிறது. கொழும்பு வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு அகப்படாது, மொட்டைமாடிக்கு பைனாகுலர் கொண்டு போங்கள். மூன்றில் தெற்கே உள்ள வெள்ளியோடு ஒவ்வொரு இரவும் ஒப்பிட்டு வந்தால், 7 நாளுக்குச் சற்றுக் கூடிய ஒரு சுற்றில் சில இரவுகள் ஈட்டா அதை முந்தும், சில இரவுகள் பின்தங்கும். ஏறுவது விரைவு, இறங்குவது மெதுவாக.