உணவு விளம்பரங்கள் நம்மை வாங்க வைக்கும் உத்திகளை எப்படி ஆராய்வது?

கேள்வியைப் பார்த்தால் கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பிரபலங்களைக் காட்டுவது, ஆசையைத் தூண்டுவது, அவசரப்படுத்துவது என்ற பட்டியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். உணவுப் படம் எடுக்கும் ஒளிப்படக் கலைஞரிடம் உதவியாளராக இருந்தவன் நான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு பர்கர் படத்துக்கே அரை நாள் போய்விடும். இறைச்சியை முழுதாக வேகவிட மாட்டோம், வெந்தால் சுருங்கிவிடும். மேலாக வாட்டி, தீச்சுடர் காட்டி நிறம் ஏற்றுவோம். தக்காளி, வெங்காயம், இலை எல்லாவற்றையும் கேமரா பார்க்கும் பக்கத்துக்கே தள்ளிக் குண்டூசியால் நிறுத்துவோம். பின்பக்கம் வெறும் பன்தான். பன்னில் எள் உதிர்ந்த இடங்களில் இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒட்டுவது என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. குளிர்பான பாட்டிலில் நிற்கும் நீர்த்துளிகள் கிளிசரின் கலந்த தண்ணீர். விளக்குச் சூட்டிலும் சீக்கிரம் காயாது.

"அப்படியென்றால் எல்லாம் பொய், நீங்களும் கூட்டுதானே" என்று சிலர் வருவார்கள். பன், இறைச்சி, காய் எல்லாம் கடையில் விற்கிற அதே பொருள்தான், எதற்கும் பதிலாக வேறு பொருளை நாங்கள் வைத்ததில்லை. நீங்கள் ஆராய வேண்டிய இடமே இதுதான். துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாம் நிஜம். சேர்த்துப் பார்க்கும்போது மனதில் பதிகிற அளவும் செழிப்பும் நிஜமில்லை.

அமெரிக்காவில் கேம்பெல் சூப் விளம்பரம் சிக்கியதும் இப்படித்தான். கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுப் படம் எடுத்தார்கள். அடியில் தங்க வேண்டிய காய்த்துண்டுகள் மேலே வந்து, சூப் முழுக்கக் காய் போலத் தெரிந்தது. சூப்பும் காயும் அவர்களுடையவைதான். ஆனாலும் மத்திய வர்த்தக ஆணையம் இது ஏமாற்று என்று நடவடிக்கை எடுத்து, 1970-ல் அதற்குத் தடை ஆணையும் போட்டது.

வார்த்தையிலும் இதே வேலை நடக்கும். தாவர எண்ணெயில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். உண்மைதான். ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படி இருக்காது. எல்லாருக்கும் பொதுவானதைத் தன் தனிச்சிறப்பாகக் காட்டுகிறார்கள்.

   

சரி, உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். பழப் படம் போட்ட பானப் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ள சேர்பொருள் பட்டியலில் பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முன்பக்கத்தில் பழம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, பட்டியலில் எத்தனையாவதாக வருகிறது என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதத் தொடங்குங்கள்.