இஜேபி, கோர்பா, டிகாம்: வணிக மென்பொருளுக்கு எது சிறந்தது?

நீங்கள் கேட்டிருப்பது, சர்வர் பக்க வேலைக்கு இஜேபி (ஜாவாவினுடையது), கோர்பா (பல மொழிகளுக்கும் பொதுவான தரம்), டிகாம் (மைக்ரோசாஃப்டினுடையது) ஆகிய மூன்றில் எது சிறந்தது, ஏன் என்று. புதிதாக ஆரம்பிக்கிற வேலைக்கு இன்றைக்கு இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பழைய சிஸ்டம் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கும், மேலே இருப்பவர் ஒப்பீட்டு அட்டவணை கேட்டிருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த அட்டவணையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடாதீர்கள். கோர்பாவும் டிகாமும் வேறு இயந்திரத்தில் இருக்கும் ஆப்ஜெக்டைக் கூப்பிடும் வழிகள். கோர்பாவில் இடைமுகத்தை ஐடிஎல் என்ற இடைமுக விவரிப்பு மொழியில் எழுதினால் அதிலிருந்து கிளையன்ட்டுக்கு அழைப்பை அனுப்பும் ஸ்டப்பும் சர்வருக்கு அதை வாங்கும் ஸ்கெலிட்டனும் உருவாகும். ஒரு பக்கம் சி பிளஸ் பிளஸ், மறுபக்கம் ஜாவா என்று இருக்கலாம். டிகாம் 1996இல் விண்டோஸ் என்டி 4.0 உடன் வந்தது. கிளையன்ட் இன்னும் இருக்கிறதா என்று அறிய 2 நிமிடத்துக்கு ஒரு பிங். மூன்று பிங் வராவிட்டால் ஆப்ஜெக்டை விட்டுவிடும். முதலில் 135ஆம் போர்ட், அப்புறம் அவ்வப்போது மாறும் வேறொரு போர்ட் என்று போவதால், ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்பவர்களோடு ஓயாத சண்டை.

1998இல் வந்த இஜேபி வேறு ரகம். அதன் உயிர், நாம் எழுதியதை உள்ளே வைத்து ஓட்டும் கன்டெய்னரில் இருக்கிறது. டிரான்சாக்ஷன், பாதுகாப்பு, பூலிங் (ஆப்ஜெக்ட்களைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்துவது) எல்லாவற்றையும் கன்டெய்னர் பார்த்துக்கொள்ளும், நாம் வணிக விதிகளை மட்டும் எழுதினால் போதும். இதே யோசனையை மைக்ரோசாஃப்ட் எம்டிஎஸ் என்ற தன் டிரான்சாக்ஷன் சர்வரில் அதற்கு முன்பே கொண்டுவந்துவிட்டது. விண்டோஸ் 2000இல் அதுவே காம் பிளஸ் ஆனது. ஜாவா பக்கத்தில் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நானும் அதிகம் வேலை செய்தது ஜாவாவில்தான், ஆனாலும் உண்மை அதுதான். ஆகவே இஜேபியைக் காம் பிளஸ்ஸோடும், கோர்பாவை டிகாமோடும் ஒப்பிடுங்கள்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. ஆர்டர்களைக் கையாளும் ஒரு கோர்பா சிஸ்டத்தில் வேலை பார்த்தேன். சர்வர் சி பிளஸ் பிளஸ், திரை ஜாவா. ஒரே கட்டடத்துக்குள் இருந்தவரை யாரும் குறை சொன்னதில்லை. வெளியூர்க் கிளைகளுக்குக் கொடுத்ததும் ஒரு ஆர்டரைத் திறக்கவே பயனர்கள் காத்துக் கிடந்தார்கள். காரணம் ஐடிஎல்லிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. ஆர்டரின் ஒவ்வொரு வரியும் ஒரு தொலை ஆப்ஜெக்ட், ஒவ்வொரு புலத்துக்கும் தனி அழைப்பு. 200 வரி, வரிக்கு 6 புலம் என்றால் 1200 அழைப்புகள். போய் வர 40 மில்லிசெகண்ட் ஆகும் இணைப்பில் அது 48 வினாடி. முழு ஆர்டரையும் ஒரே ஸ்ட்ரக்டாக (புலங்களின் ஒரே தொகுப்பாக) திருப்பித் தரும் ஒரு மெத்தட் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

வெளியிலிருந்து வந்த ஆலோசகர்கள் கோர்பாதான் மெதுவானது, இஜேபிக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினோம். அதே ஐடிஎல்லை வரிக்கு வரி என்டிட்டி பீன்களாக, அதாவது டேட்டாபேஸில் உள்ள பதிவுகளைக் குறிக்கும் இஜேபி ஆப்ஜெக்ட்களாக, மாற்றினார்கள். அப்போது இருந்தது இஜேபி 1.1, அதில் தொலை அழைப்புக்கான ரிமோட் இடைமுகம் மட்டும்தான், ஒரே சர்வருக்குள் அழைக்கும் லோக்கல் இடைமுகம் 2001இல் 2.0 வந்த பிறகே கிடைத்தது. அழைப்புகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, இப்போது அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் தனித்தனி டேட்டாபேஸ் வினவலும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கிளையன்ட்டுக்காக வேலையைச் செய்து தரும் ஒரு செஷன் பீனை முன்னால் நிறுத்தி, மொத்த ஆர்டரையும் ஒரே அழைப்பில் அனுப்பிய பிறகுதான் திரை வேகமாகத் திறந்தது. நான் முதலில் கேட்டதும் அதைத்தான். நிர்வாகத்துக்குப் போன அறிக்கையில் அது இஜேபியின் வெற்றி என்று எழுதப்பட்டது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

உள் அழைப்பும் தொலை அழைப்பும் ஒன்றல்ல, தாமதமும் பாதியில் அறுந்துபோகும் சாத்தியமும் அவற்றை வேறாக்குகின்றன என்று சன் நிறுவன ஆய்வாளர்கள் 1994லேயே எழுதிவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து ரிமோட் மட்டுமே உள்ள இஜேபியை வெளியிட்டதும் அதே நிறுவனம்தான்.

உடனே சிலர் வருவார்கள்: இதெல்லாம் செத்துப்போனது, கூகுள் உருவாக்கிய தொலை அழைப்பு முறையான ஜிஆர்பிசி இருக்கிறதே என்று. ஜிஆர்பிசி நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். அதிலும் இடைமுகத்தைத் தனிக் கோப்பில் எழுதித்தான் ஸ்டப் உருவாக்குகிறோம். அதிலும் புலத்துக்கு ஓர் அழைப்பு வைத்தால் அதே 48 வினாடிதான். கோர்பாவின் சுமை எனக்குத் தெரியாதது இல்லை. அதன் சி பிளஸ் பிளஸ் நினைவக விதிகளோடு மல்லுக்கட்டியவர்கள் யாரும் அதைப் புகழ மாட்டார்கள். 3.0 பீன்கள் 2006இல் வந்து இஜேபி எவ்வளவோ எளிதானதையும் மறுக்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேர்காணல்களில் இன்னும் ஸ்டேட்லெஸ், ஸ்டேட்ஃபுல் (அழைப்புகளுக்கு இடையே எதையும் நினைவில் வைக்காத, வைக்கும் பீன்கள்) விளக்கத்தை மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ஒரு திரை ஏன் மெதுவாகத் திறக்கிறது, எங்கே அளந்து பார்ப்பாய் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. பத்து வருடம் சிஸ்டத்தைக் காப்பாற்றியவர் ஒரு விளக்கம் மறந்ததற்காக வெளியே அனுப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இது அநியாயம்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். அட்டவணைக்கு முன் ஒரு பரிவர்த்தனைக்கு எத்தனை தொலை அழைப்பு போகிறது என்று எண்ணுங்கள். உங்களுடையது ஜாவாவில் எழுதிய கோர்பா என்றால், 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து அந்தத் தொகுதிகள் நீக்கப்பட்டுவிட்டன. கோர்பா அழைப்புகளைக் கொண்டு செல்லும் நூலகமான ஓஆர்பியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டிகாம் என்றால் 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கிய பாதுகாப்பு இறுக்கம் பழைய கிளையன்ட்டுகளைத் தடுக்கிறதா என்று பாருங்கள். இஜேபி என்றால் அவசரமே இல்லை, ஜாவா இஇயின் இன்றைய வடிவமான ஜகார்த்தா இஇயில் அது இன்னும் இருக்கிறது. பேக்கேஜ் பெயர்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தாவுக்கு மாறியதை மட்டும் கவனியுங்கள். என்டிட்டி பீன் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.