அமெரிக்கச் சின்ன ஊர் கடைத்தெருவில் பழைய கட்டட வேலை: கீழக்கரைத் தம்பிக்குப் பதில்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. மத்தவங்களுக்கும் புரியணும்னு உங்க கேள்வியைச் சுருக்கி முதல்ல போட்டுடறேன்.

"காக்கா, கீழக்கரையிலயும் தேவிபட்டினத்துலயும் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரை வேலை பார்த்திருக்கேன். இப்ப அமெரிக்காவுல பழைய கட்டடப் பாதுகாப்புல முதுகலை முடிக்கப் போறேன். ஒஹாயோவுல ஒரு சின்ன ஊர்ல, படுத்துப்போன கடைத்தெருவை எழுப்ப மெயின் ஸ்ட்ரீட் அமைப்புன்னு ஒண்ணு இருக்கு, அங்க வேலைக்குக் கூப்பிடுறாங்க. சம்பளம் கம்மி. விளம்பரத்துல கட்டடத்தைப் பத்தி ஒரு வரி, திருவிழா, சந்தை, கிறிஸ்துமஸ் விளக்குன்னு மூணு வரி. இது நம்ம வேலைதானா?"

உங்க வேலைதான், போங்க. ஆனா சுவரை மட்டும் பார்க்கலாம்னு போனா சீக்கிரமே வெறுத்துப்போகும். அந்த மூணு வரி விளம்பரம் உள்ளதைத்தான் சொல்லுது. பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடற நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன் அமைப்பு 1977ல மூணு ஊர்ல இந்த மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தைச் சோதனையா ஆரம்பிச்சது: இல்லினாய்ல கேல்ஸ்பர்க், இண்டியானாவுல மேடிசன், தெற்கு டகோட்டாவுல ஹாட் ஸ்பிரிங்ஸ். 1980ல அதுக்குன்னு தனி மையமே வந்துச்சு. வாடகை வராத கட்டடத்துக்கு யாரும் கூரை போட மாட்டாங்கங்கறதுதான் அடிப்படை. அதனால ஆள் திரட்டறது, விழாவும் விளம்பரமும், கட்டட வடிவமைப்பு, வியாபாரம்னு நாலையும் சேர்த்தே பார்க்கச் சொல்றாங்க. சின்ன ஊர்ல இந்த நாலுக்கும் சம்பளத்துக்கு இருக்கிறது பெரும்பாலும் ஒரே ஆள்தான், மத்தவங்க தன்னார்வலர்கள். அந்த ஒரு ஆள் நீங்க.

முதல்ல சட்டம். புதுசா வர்றவங்க அதிகமா குழம்பற இடம் இது. 1966 சட்டப்படி பழமையான கட்டடங்களுக்கு நேஷனல் ரெஜிஸ்டர்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஒரு கட்டடம் ஏறினா இடிக்க முடியாதுன்னு நினைப்போம். நம்ம பக்கம் மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்தைச் சுத்தி 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாடுன்னு பழகின மனசு அப்படித்தான் போகும். இங்க அப்படி இல்ல. சொந்தக்காரர் தன் காசுல, அரசு உதவியோ அனுமதியோ கலக்காம செய்யறார்னா, பட்டியல்ல இருக்கிற கட்டடத்தையும் இடிக்கலாம். கையைப் பிடிக்கிறது ஊராட்சி போட்ட உள்ளூர்ச் சட்டம்தான். அது இருக்கிற ஊர்ல முகப்பைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு குழு முன்னால போய் சர்டிஃபிகேட் ஆஃப் அப்ரோப்ரியேட்னஸ், அதாவது செய்யப்போற மாத்தம் பொருந்தும்ங்கற சான்று, வாங்கணும். நேர்காணலுக்கு முன்னாடியே அந்த ஊர்ல இது உண்டா, குழு மாசாமாசம் கூடுதா, போன வருஷ நடவடிக்கைக் குறிப்பு கிடைக்குமான்னு கேளுங்க. குறிப்பைப் படிச்சா, யாருக்கு யாரைக் கண்டா ஆகாதுங்கறது உட்பட, ஊரே தெரிஞ்சுடும்.

அடுத்தது பணம். சொந்தக்காரர் உங்களை உட்காரச் சொல்லிக் காபி குடுக்கிறது இதுக்காகத்தான். கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) வரிச் சலுகை, பழைய கட்டடத்தைச் சீரமைக்கிற செலவுல 20 சதவீதம். வருமானம் தர்ற கட்டடத்துக்கு மட்டும்தான், சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. 2017 வரிச் சட்டத்துக்கு அப்புறம் அதை அஞ்சு வருஷமா பிரிச்சுத்தான் எடுக்க முடியும். உதாரணமா ஒருத்தர் 1,00,000 டாலருக்கு ஒரு கடைக் கட்டடம் வாங்கறார், அதுல மனை மதிப்பு 20,000னு வெச்சுக்கோங்க. மிச்சம் 80,000. 24 மாசத்துக்குள்ள அந்த 80,000க்கு மேல செலவு பண்ணணும். 70,000 செலவு பண்ணினா சலுகை பாதியாகாது, மொத்தமா பூஜ்யம். 1,20,000 செலவு பண்ணினா 24,000, வருஷத்துக்கு 4,800. வாங்கின விலை, வண்டி நிறுத்துற இடம், பின்னால புதுசா ஒட்டிக் கட்டறது எதுவும் இந்தச் செலவுக் கணக்குல வராது. ஆனா முப்பது நாற்பது வருஷமா ஒரே ஆள் கையில இருந்து, தேய்மானம் கழிச்சே கணக்குல ஒண்ணுமில்லாம போன கட்டடம்னா 5,000 டாலரைத் தாண்டினாலே தகுதி வந்துடும். ஊர்ல அப்படிப்பட்ட கட்டடங்களைத்தான் முதல்ல தேடணும். தனிநபர் வாடகை வருமானத்துக்கு வரிச் சட்டத்துல வேற வரம்பும் உண்டு, அதனால கணக்காளரைப் பார்க்காம சொந்தக்காரர்கிட்ட தொகை எதையும் வாயால சொல்லிடாதீங்க.

இந்தச் சலுகைக்கான விண்ணப்பம் மூணு பாகம். கட்டடம் தகுதியானதான்னு ஒண்ணாம் பாகம், என்ன செய்யப் போறோம்னு ரெண்டாம் பாகம், முடிஞ்சதுன்னு மூணாம் பாகம். மாநிலத்தோட பழைய கட்டடப் பாதுகாப்பு அலுவலகம் பார்த்து, கூட்டரசுத் துறையான நேஷனல் பார்க் சர்வீஸுக்கு அனுப்பும். ரெண்டாம் பாகத்துக்கு ஒப்புதல் வர்றதுக்கு முன்னாடி வேலை ஆரம்பிக்கத் தடை இல்ல, ஆனா மறுத்துட்டா நஷ்டம் சொந்தக்காரரோடது. இதுல கவிழ்றது பெரும்பாலும் படத்தாலதான். இடிக்கிறதுக்கு முந்தின நிலைமைக்குப் படம் இல்லைன்னா அங்க என்ன இருந்ததுன்னு நிரூபிக்க வழியே இல்ல. சொந்தக்காரர் வாய் திறக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்து எடுத்து, திட்டப் படத்துல எண் போட்டு வெச்சிடுங்க. வேலை முடிஞ்சு அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா சலுகையில ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டணும், அதையும் முதல் நாளே சொல்லிடுங்க.

கடை முகப்பைச் சரிபண்ணத் தர்ற மானியம் வேற கதை. பாதிக்குப் பாதி தர்றோம்பாங்க, ஆனா வேலை முடிச்சு ரசீது குடுத்த பிறகுதான் பணம் வரும். முழுத் தொகையையும் முதல்ல கையிலிருந்து போட முடியாத கடைக்காரர் பாதியில நின்னுடுவார், சாரம் மட்டும் நிக்கும். மானியம் கூட்டரசு சமுதாய மேம்பாட்டு நிதியிலிருந்து வந்தா, 2,000 டாலருக்கு மேல போற கட்டுமானத்துக்கு டேவிஸ்-பேக்கன் கூலி விதி (அந்தப் பகுதியில நடப்புல இருக்கிற கூலிக்குக் குறையாம குடுக்கணும்ங்கறது) பெரும்பாலும் ஒட்டிக்கும். ஒவ்வொரு வாரமும் சம்பளப் பட்டியல் குடுக்கணும்னதும் சின்ன மேஸ்திரிகள் வேலையே வேண்டாம்பாங்க. விலை கேட்கும்போதே இதைச் சொல்லிக் கேளுங்க.

இனி சுவர். இதுல உங்க கை அங்க பலபேர் கையை விட மேல். கீழக்கரையில பவளப்பாறைக் கல் சுவர்ல சிமெண்ட் பூசினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஓதம் வெளிய வர வழியில்லாம கல்லுக்குள்ள உப்பு பூத்து, கல் பொரிஞ்சு உதிரும், சிமெண்ட் மட்டும் பலகை மாதிரி நிக்கும். ஒஹாயோவுல உப்புக் காத்து இல்ல, பனி இருக்கு. 1870லிருந்து 1910 வரைக்கும் கட்டின கடைகள்ல செங்கல் பெரும்பாலும் மென்மையா இருக்கும், சாந்து சுண்ணாம்பு. யாராவது கெட்டிச் சிமெண்ட்ல பாயிண்டிங் (செங்கல் இடைச்சந்தை அடைக்கிறது) பண்ணியிருந்தா தண்ணி செங்கல் வழியாத்தான் வெளிய வந்தாகணும். குளிர்ல அது உறைஞ்சு ஒன்பது சதவீதம் விரியும், செங்கல்லோட முகம் தட்டையா உரிஞ்சு விழும். கீழக்கரையில உப்பு செய்யறதை ஒஹாயோவுல பனி செய்யுது.

அதனால சாந்து எப்பவும் செங்கல்லை விட மெத்துன்னு இருக்கணும். இங்க கலவைக்கு எழுத்துப் பேர். டைப் என் சாந்து 1 சிமெண்ட், 1 சுண்ணாம்பு, 5 முதல் 6 மணல். டைப் ஓ 1, 2, 8 முதல் 9. டைப் கே 1, 3, 10 முதல் 12. பழைய மென்செங்கல்லுக்குப் பெரும்பாலும் ஓ, கே, இல்லைன்னா சிமெண்டே இல்லாத சுண்ணாம்புச் சாந்து. இதுல ஒரு பொறி இருக்கு. சுண்ணாம்பு மூட்டையிலயும் 'டைப் எஸ்'னு போட்டிருக்கும், கெட்டிச் சிமெண்ட் சாந்து மூட்டையிலயும் 'டைப் எஸ்'னு போட்டிருக்கும். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. தொலைபேசியில "டைப் எஸ் கொண்டு வாங்க"ன்னு சொன்னா வர்றது சிமெண்ட் சாந்தாத்தான் இருக்கும். ஹைட்ரேட்டட் லைம்னு முழுப்பேரையும் எழுதியே குடுங்க.

பழைய சாந்தைப் பொடிச்சு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டா சுண்ணாம்பு கரைஞ்சு மணல் மட்டும் தங்கும். அந்த நிறத்துக்கும் பருமனுக்கும் மணல் தேடணும். நம்ம கடற்கரைச் சாந்துல இதே சோதனையை அப்படியே நம்பக்கூடாது, சிப்பித்துண்டும் சேர்ந்து கரைஞ்சுடும். ஒஹாயோ உள்நாடு, அந்தத் தொல்லை அவ்வளவா இருக்காது.

செங்கல் சந்துல இருக்கிற பழைய சாந்தைத் தோண்டற ஆழம் சந்தோட அகலத்துக்கு ரெண்டரை மடங்கு. அரை அங்குலச் சந்துன்னா அங்குலம் ஒண்ணேகால். நிமிர்ந்த சந்துகள்ல கிரைண்டரை விடவே விடாதீங்க. சக்கரம் மேல் செங்கல்லையும் கீழ் செங்கல்லையும் அறுத்துடும், அந்த வடு நூறு வருஷம் நிக்கும். அங்க உளியும் சுத்தியும்தான். சுவரை நனைச்சு, மேல தண்ணி நிக்காத பதத்துல, கால் அங்குலம் கால் அங்குலமா அடுக்கடுக்கா அழுத்தணும். கட்டைவிரல் பதியற பதத்துக்கு இறுகினதும் அடுத்த அடுக்கு. 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழயும் 95க்கு மேலயும் வேலை வேண்டாம், அதனால ஒஹாயோவுல வருஷத்துல பாதிக்குத்தான் சுவர் வேலை. அக்டோபர்ல மானியம் ஒப்புதலானா சாரம் வசந்தத்துலதான்னு சொந்தக்காரருக்கு அப்பவே சொல்லிடணும். முதல்ல மூணுக்கு மூணு அடி மாதிரி போட்டுக் காய்ஞ்ச பிறகு நிறம் பாருங்க. ஈரத்துல ஒத்துப்போறது காய்ஞ்சா ஒத்துப்போகாது. நம்ம ஊர்ல சாந்துல சேர்க்கற கடுக்காயும் கருப்பட்டியும் இங்க வேண்டாம். ஆய்வு அலுவலர் கேட்டா விளக்கி மாளாது.

மணல் வீச்சுல செங்கல்லைச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு யாராவது வந்தா வாசல்லயே நிறுத்துங்க. சூளையில வெந்த மேல்தோல் போயிட்டா உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட பச்சை மண். தண்ணி புகாம இருக்க மேல பூசற திரவமும் அதே ரகம்தான், பெரும்பாலும் உள்ள இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கும். ஓதம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும்னா மேல ஏறுங்க. கைப்பிடிச் சுவர் தலைப்பு, அதுக்குப் பின்னால கூரைத் தகடு மடியற இடம், அடைச்சுப்போன மழைநீர்க் குழாய் மூணையும் பாருங்க. இது சரியாகாம முகப்புக்கு வர்ணம் அடிக்கிறது வீண் செலவு. மானியக் குழு வர்ணத்துக்குத்தான் ஆசைப்படும், நீங்க அசையாதீங்க.

உள்பக்கம் ரெண்டு ஆசை வரும். ஒண்ணு, சுவர்ப் பூச்சை உரிச்சுட்டுச் செங்கல் தெரிய விடறது. உணவகக்காரங்க எல்லாரும் கேட்பாங்க. வரிச் சலுகை மறுக்கப்படறதுக்கு இது நல்லாத் தெரிஞ்ச காரணம், உள்சுவருக்கு வெச்சது பூச்சை நம்பிப் போட்ட அரைவேக்காட்டுச் செங்கல்லும்கூட. ரெண்டாவது, மர ஜன்னலைத் தூக்கிட்டு வினைல் (பிளாஸ்டிக்) ஜன்னல் போடறது. பழைய மரம் இறுக்கமானது, ஜன்னல் கயிறும் கண்ணாடி ஓரத்துப் பட்டியும் மாத்தி, ஸ்டார்ம் ஜன்னல்னு கூடுதலா ஒரு கண்ணாடி ஜன்னல் போட்டா குளிருக்குப் போதும். 1978க்கு முந்தின வர்ணத்துல ஈயம் இருக்கலாம். மாடியில குடித்தனம் வைக்கறதா இருந்தா ஈய வர்ணத்துக்கான இபிஏ (கூட்டரசுச் சுற்றுச்சூழல் துறை) பயிற்சிச் சான்று இருக்கிற ஆளைத்தான் சுரண்ட விடணும்.

காலியா கிடக்கிற மாடிதான் ஊரோட பெரிய நஷ்டம். இருபது இருபத்தஞ்சடி அகலக் கட்டடம், ரெண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், ரெண்டாவது படிக்கட்டுக்கு இடமே இருக்காது. புதுக் கட்டட விதியை வெச்சு அலுவலர் பேசினா, பழைய கட்டடங்களுக்குன்னே இன்டர்நேஷனல் எக்ஸிஸ்டிங் பில்டிங் கோட்னு தனி விதி இருக்கு, அதை எடுத்து வைங்க. தீயணைப்புத் தெளிப்பான் போட்டா பல சிக்கல் அவிழும். அதுக்குத் தெருவிலிருந்து தனிக் குழாய் இழுக்க என்ன ஆகும்னு வரைபடம் போடறதுக்கு முன்னாடியே விசாரிங்க.

முகப்பு முன்னாடி எப்படி இருந்ததுன்னு தெரிய சான்பார்ன் வரைபடங்களைப் பாருங்க. தீக்காப்பீட்டுக்காக வரைஞ்சது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசம். இளஞ்சிவப்பு செங்கல், மஞ்சள் மரம், நீலம் கல். 1950, 60கள்ல மாட்டின அலுமினிய மறைப்பு இருந்தா உடனே கழட்டாதீங்க. ஓரத்துல ஒரு தகட்டை எடுத்து, மாட்டறதுக்காகப் பழைய தலைப்பை எவ்வளவு வெட்டியிருக்காங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஐம்பது வயசைத் தாண்டின மறைப்பே பாதுகாக்க வேண்டியதுன்னு மாநில அலுவலகம் சொல்லவும் சொல்லலாம்.

விசாவுல ஏமாந்துடாதீங்க. ஓபிடி, அதாவது மாணவர் விசாவுல படிப்பு முடிஞ்சு வேலை பார்க்கிற அனுமதி, 12 மாசம், அதுல வாரம் 20 மணி நேரமாவது வேலை காட்டணும், மொத்தம் 90 நாளைக்கு மேல வேலையில்லாம இருக்கக் கூடாது. 24 மாச நீட்டிப்பு உங்க ஐ-20ல (பல்கலைக்கழகம் தந்த விசாப் படிவம்) இருக்கிற படிப்புக் குறியீட்டைப் பொறுத்தது, முதலாளி இ-வெரிஃபைல (ஊழியருக்கு வேலை அனுமதி இருக்கான்னு பார்க்கிற அரசு இணையத் திட்டம்) இருக்கவும் வேணும். ரெண்டு பேர் இருக்கிற அமைப்புக்கு அந்தப் பேரே தெரியாம இருக்கலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதையும், அடுத்த மூணு வருஷச் சம்பளம் எந்தப் பணத்துலன்னும் சேர்த்துக் கேளுங்க. காரில்லாம அங்க முடியாது. ஜும்ஆவுக்கு வேற ஊர் போக வேண்டியிருக்கலாம், வெள்ளிக்கிழமை மதியத்தை வேலை நேரம் பேசும்போதே பேசிடுங்க.

வேலை விண்ணப்பத்துல 'பாரம்பரிய வீடுகள் சீரமைப்பு'ன்னு ஒத்தை வரி போடாதீங்க. எத்தனை சதுர அடி, சுண்ணாம்புக்கு மணல் எத்தனை பங்கு, எத்தனை அடுக்கு, எவ்வளவு நாள் ஈரச்சாக்கு போட்டீங்கன்னு எழுதுங்க. 2001லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்புல இருக்கறதால புதுக்கல் எடுக்க வழியில்லாம பழைய கல்லையே திரும்ப வெச்சுக் கட்டினீங்கன்னா, அதைத் தனியா எழுதுங்க. பழைய செங்கல்லைத் தரம் பிரிச்சு வெளிச்சுவருக்கு எது, உள்சுவருக்கு எதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளைத்தான் அந்த ஊர் தேடிக்கிட்டிருக்கும். வேலைக்கு முன், வேலைக்குப் பின் படம் ரெண்டும் ஒரே கோணத்துல இருக்கட்டும்.