திருகோணமலையில் ஓர் இணைய வானொலி: தம்பியின் ஆசைக்கு என்ன பதில் சொல்வது?

அம்மா, தம்பி உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார், கூட்டாளிகளோடு சேர்ந்து வீட்டு அறையிலேயே இணைய வானொலி தொடங்கப் போகிறாராம், இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். அதற்காகத் தடுத்துவிடாதீர்கள்.

செலவைப் பார்ப்போம். எஃப்எம்மில் பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒலிபரப்பும் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக டேட்டா போக வேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் ஒலித்தரத்தில் ஒருவர் ஒரு மணித்தியாலம் கேட்டால் ஏறத்தாழ 29 மெகாபைட். நூறு பேர் கேட்டால் 2.9 கிகாபைட். பேச்சு நிகழ்ச்சிக்கு 32 கிலோபிட்டே போதும், செலவு பாதியாகிவிடும். இணையத்தில் ஒலிபரப்ப ஐஸ்காஸ்ட், ஒலியைத் தொகுக்க ஓடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒரு நல்ல மைக்கும் பழைய கணினியும் இருந்தால் தொடங்கலாம். ஆக, காசு பெரிய தடை இல்லை.

பாட்டுத்தான் தடை. நாள் முழுக்க சினிமாப் பாட்டு போடும் நிலையம் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பாட்டெல்லாம் யூடியூப்பில் கிடக்கிறது, யாரும் தம்பியைத் தேடி வரமாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது. அனுமதியில்லாமல் போட முடியாது. அமெரிக்காவில் சிறிய இணைய வானொலிகளுக்கு இருந்த உரிமைக் கட்டணச் சலுகை 2015 முடிவோடு போனது. அடுத்த மாதமே, ஏராளமான சிறு நிலையங்களைத் தாங்கிக்கொண்டிருந்த லைவ்365 மூடப்பட்டது. பிறகு 2017இல் திரும்பி வந்தாலும் இடையில் பல நிலையங்கள் சிதறிவிட்டன.

அப்படியானால் எது நிற்கும்? ஊரைப் பற்றிப் பேசுவது நிற்கும். எங்கள் திருகோணமலையிலேயே ஜெர்மனியின் டொய்ச்சவெலே வானொலி 1980களில் இருந்து பெரிய மறு ஒலிபரப்பு நிலையம் நடத்தியது. சிற்றலை கேட்பவர்கள் குறைந்துபோக, 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனது. நோர்வேயில் 2017இல் தேசிய வானொலிகள் எஃப்எம்மை விட்டு வெளியேறின. சின்னச் சின்ன உள்ளூர் நிலையங்கள் அதிலேயே தங்கின. உள்ளூர்க்காரனுக்கு உள்ளூர்ச் செய்தியை வேறு யார் சொல்வார்கள்?

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று நிலவரம், தம்பலகாமத்து வயல் நிலவரம், மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் செய்தி, கோணேசர் கோயில் திருவிழா நேரலை. இங்கே காலை ஆறு மணி என்றால், கோடை காலத்தில் டொரொன்டோவில் முதல்நாள் இரவு எட்டரை. வேலை முடிந்து வீட்டில் இருக்கும் எங்கள் சனம் ஊர்ச் சத்தத்துக்கு ஏங்கும் நேரம் அது. மரண அறிவித்தல், பிறந்தநாள் வாழ்த்து, நகரத்துக் கடை விளம்பரம் இவைதான் வருமானம். சிறிய காசுதான், ஆனால் உண்மையான காசு. ஒன்றை மட்டும் அவர் நினைவில் வைக்க வேண்டும்: 2020 டிசம்பரில் புரவி புயல் எங்கள் கரையைக் கடந்ததே, அப்படிப்பட்ட இரவில் கரண்டும் டவரும் போனால் இணைய வானொலியும் போய்விடும். பற்றரி ரேடியோவின் இடத்தை அதனால் பிடிக்க முடியாது.

படிப்பை விடக்கூடாது, இதில் நான் கண்டிப்பு. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும் அங்கேதான். முடிவு வந்ததும் பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடும் இசட் புள்ளியைப் பார்த்து, விண்ணப்பத்தில் தொடர்பாடல் கற்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் வீட்டில் இருந்தே படிக்கலாம், மாலையில் ஒரு மணித்தியாலம் ஒலிபரப்பலாம்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அவர் பழகும் ஒலித்தொகுப்பு, நேர்காணல், திருத்தமான உச்சரிப்பு எல்லாம் கொழும்பு வானொலிகளிலும் விளம்பர நிறுவனங்களிலும் செய்தித் தளங்களிலும் வேலைக்குக் கேட்கப்படுபவை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவர் செய்த நல்ல நிகழ்ச்சிகள் சிலவற்றைப் போட்டுக் காட்டலாம். வெறும் சான்றிதழை விட அது பேசும்.

அப்புறம், சிங்களம் படிக்கச் சொல்லுங்கள். மூன்று சமூகமும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. சந்தையில் நின்று இரண்டு மொழியிலும் பேட்டி எடுக்கத் தெரிந்த பிள்ளை வேலைக்கு அலைய வேண்டி வராது. முடிவு வருவதற்குள் ஒரு வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.