ஏற்காட்டில் ஒருநாள் தியானம்: இறை இரக்கத்தையும் படைப்பின் புகழையும் எங்கே சேர்த்து வாசிப்பது?

கேள்வி: எங்கள் அன்பியத்திலிருந்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) முப்பது பேர், இறை இரக்க ஞாயிறு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு) முடிந்து வருகிற சனிக்கிழமை ஏற்காடு போய் ஒருநாள் தியானம் செய்யலாம் என்று இருக்கிறோம். இறை இரக்கம், இயற்கையில் இறைப்புகழ் இரண்டையும் சேர்த்துச் சிந்தனைகள் தேடினால் ஆங்கிலத்தில் நீளநீளமாக வருகிறது, தமிழில் வாட்ஸப் செய்திகள்தான் வருகின்றன. எதை நம்பி எடுப்பது? மலையையும் மரத்தையும் பார்த்துச் செபித்தால் அது இயற்கை வழிபாடு ஆகிவிடாதா என்று எங்கள் பெரியவர் ஒருவர் வேறு கேட்கிறார். — அன்பியப் பொறுப்பாளர், சூரமங்கலம்

பதில்:

சகோதரி, தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற திருவிவிலியத்தை எடுங்கள். இரக்கத்துக்கு ஒரு கட்டுரை, இயற்கைக்கு ஒரு கட்டுரை என்று தனித்தனியாகத் தேடுவதால்தான் இவ்வளவு அலைச்சல். இரண்டும் ஏற்கெனவே ஒன்றாகவே எழுதப்பட்ட இடங்கள் நம் மறைநூலில் இருக்கின்றன, ஒரு நாளைக்கு அவையே தாராளம்.

திருப்பாடல் 136-இல் தொடங்குங்கள். மொத்தம் 26 வசனம், ஒவ்வொன்றும் 'என்றும் உள்ளது அவரது பேரன்பு' என்றே முடியும். 5 முதல் 9 வரை வானம், தண்ணீர்மேல் விரிந்த நிலம், கதிரவன், நிலா, விண்மீன்கள். அதை முடித்த கையோடு எகிப்து, செங்கடல், பாலைநிலம். கடைசிக்கு முந்தைய வசனத்தில் உயிருள்ள எல்லாவற்றுக்கும் உணவு. வானத்தை விரித்ததும் அடிமைகளை மீட்டதும் ஒரே இரக்கத்தின் வேலை என்று அந்தப் பாடல் விளக்கம் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இரக்கத்தின் யூபிலி ஆண்டை அறிவித்த ஆணைமடலிலும் இந்தத் திருப்பாடலைத்தான் எடுத்துப் பேசினார். ஒருவர் முன்பாதியை வாசிக்க மற்ற எல்லாரும் பதில் சொல்லலாம், எழுத்து தெரியாத பாட்டியும் இரண்டாவது வசனத்திலேயே சேர்ந்துகொள்வார். மலை ஏறும்போது வண்டியிலேயே சொல்ல ஆசைப்பட்டால், 20 கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைக் குனிந்து பார்க்கிறவருக்குக் கட்டாயம் தலை சுற்றும், அதனால் அடிவாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் போகிற காலம் ரொம்ப நல்ல காலம். இறை இரக்க ஞாயிறு பெரும்பாலும் ஏப்ரலில் வரும், காப்பி பூக்கிற பருவமும் அதை ஒட்டியேதான். காப்பிச் செடி மொட்டு வைத்துவிட்டு, வெயில் காய்கிற மாதங்களில் அப்படியே அடங்கி நிற்கும். கோடை மழை ஒன்று நன்றாக இறங்கினால் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். கிளையில் ஒவ்வொரு கணுவிலும் இலைக்காம்புக்குப் பக்கத்தில் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டு, மல்லிகை மாதிரி வாசத்தோடு இருக்கும். சில நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அந்தக் கிளைக்கு முன்னால் நின்று சீராக்கின் ஞானம் 35-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வாசியுங்கள். வறட்சியில் வரும் மழைமேகம் எப்படியோ அப்படியே துன்பக் காலத்தில் ஆண்டவரின் இரக்கம் என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டாம், பத்து நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். நீங்கள் போகிற வாரம் மழையே பெய்யாமல் மொட்டு மூடியபடி இருந்தாலும் வாசகத்தை மாற்றாதீர்கள். வீட்டில் கடன், நோய், பேசாத பிள்ளை என்று எதற்காகவோ காத்துக்கொண்டிருப்பவர்கள் முப்பது பேரில் நிச்சயம் இருப்பார்கள், அவர்களுக்கு அந்த மூடிய மொட்டு இன்னும் நெருக்கமாகப் பேசும். ஒன்று மட்டும், தோட்டங்கள் தனியார் நிலம். முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் சாலையோரம் நின்றே பாருங்கள். பூவைப் பறிக்க வேண்டாம், ஒவ்வொரு பூவும் ஒரு பழம்.

அதே தோட்டத்து நிழலில் யோனா 4-ஆம் அதிகாரம் வாசிக்கலாம். சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் தருகிற நிழலில் உட்கார்ந்து, யோனாவுக்கு நிழல் தந்து மறுநாளே பட்டுப்போன செடியின் கதையைக் கேட்பது வீட்டு முற்றத்தில் கேட்பது போல இருக்காது. நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்காகக் கோபித்துக்கொண்டிருந்த யோனாவிடம், நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் அத்தனை கால்நடைகளும் இருக்கிற நினிவே மீது நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். புத்தகம் அந்தக் கேள்வியோடே முடிகிறது. யார்மீதாவது ஆறாத கோபம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பெரியவரின் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள், நியாயமான கேள்வி. சாலமோனின் ஞானம் 13-ஆம் அதிகாரத்தின் முதல் 9 வசனங்களை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். நெருப்பையும் காற்றையும் விண்மீன்களையும் தெய்வம் என்று நினைத்தவர்களை அது கண்டிக்கிறது. அதே மூச்சில், படைப்பின் பெருமையையும் அழகையும் கண்டு அவற்றை உண்டாக்கியவரை அறிந்திருக்க வேண்டாமா என்றும் கேட்கிறது. அதே நூலின் 11:23-26 இன்னொரு படி மேலே போய், ஆண்டவர் எல்லார்மேலும் இரங்குகிறார், தாம் படைத்த எதையும் வெறுப்பதில்லை என்கிறது. தானியேல் இணைப்பு முதல் அதிகாரத்தின் பின்பாதியில் வரும் மூன்று இளைஞர்களின் பாடலும் அப்படித்தான். பனி, மழை, மலை, பறவை எல்லாவற்றையும் அழைத்து ஆண்டவரைப் போற்றச் சொல்கிறது, கடைசியில் அவரது இரக்கம் என்றும் உள்ளது என்று முடிகிறது. பாடுகிறவர்கள் அப்போது எரிகிற சூளைக்குள் நிற்கிறார்கள், அதைக் கட்டாயம் சொல்லிவிட்டு வாசியுங்கள். சீராக்கும், சாலமோனின் ஞானமும், தானியேல் இணைப்பும் நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கும், புரோட்டஸ்டண்டு சபைகளின் பதிப்புகளில் பெரும்பாலும் இருக்காது, அவற்றைக் கொண்டுவருகிறவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுங்கள்.

இறை இரக்கம் பற்றி நாட்குறிப்பு எழுதிய போலந்துத் துறவி புனித பவுஸ்தினா விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. 'இயேசு பவுஸ்தினாவிடம் சொன்னார்' என்று சுற்றுகிற செய்திகளில் பல, அவர் எழுதவே எழுதாதவை. அவரது நாட்குறிப்பில் ஒவ்வொரு பத்திக்கும் எண் உண்டு. எண் போடாமல் வருகிற மேற்கோளை எடுக்காதீர்கள், எண் போட்டு வந்தாலும் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பங்கு நூலகத்திலோ மரியாயின் சேனைக்காரர்களிடமோ புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தேவைக்கு 699-ஆம் பத்தி போதும். இறை இரக்கத் திருவிழாவைப் பற்றி ஆண்டவர் பேசுகிற அந்த இடத்திலேயே, இருக்கிற அனைத்தும் தம் இரக்கத்தின் ஆழத்திலிருந்தே புறப்பட்டு வந்தன என்கிறார். காப்பிப் பூவும் அந்த 'அனைத்தில்' சேர்த்திதான். 1938-இல் 33 வயதில் காசநோயால் இறந்த ஒரு எளிய சகோதரி எழுதிவைத்தது இது, அவரை 2000-இல் புனிதராக உயர்த்தினார்கள்.

அசிசி பிரான்சிசின் படைப்புகளின் பாடலை எல்லாரும் சூரியனுக்கும் நிலாவுக்கும் மட்டும் பாடிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1225 வாக்கில், கண்பார்வை ஏறக்குறைய போய், வெளிச்சத்தையே தாங்க முடியாமல் படுத்திருந்தபோதுதான் அவர் அதைப் பாடினார். பிறகு அசிசியின் ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் சண்டை முற்றியதும், மன்னிக்கிறவர்களுக்காக ஒரு பகுதியைச் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் பாடவைத்தார், அவர்கள் சமாதானம் ஆனார்கள். அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள். வாசித்த பிறகு ஐந்து நிமிடம் கொடுத்து, யாரை மன்னிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனக்குள் நினைக்கட்டும், வாயால் சொல்ல வேண்டியதில்லை.

திருஅவையின் போதனை வேண்டும் என்றால், படைப்பைப் பேணுவது பற்றி 2015-இல் வந்த 'லௌதாத்தோ சி' திருமடலின் 77-ஆம் பத்தியையும், 2016 செப்டம்பர் 1-ஆம் தேதிச் செய்தியையும் எடுங்கள். நம் பொது இல்லத்தைப் பேணுவதும் ஓர் இரக்கச் செயல் என்று அந்தச் செய்தியில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்தார். வத்திக்கான் செய்தித் தளத்தின் தமிழ்ப் பிரிவில் இவை பற்றி நிறைய வந்திருக்கிறது. இதை வாசித்துவிட்டு மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வரக் கூடாது, வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுபோங்கள்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. ஏரிக்கரையும் பகோடா பாயிண்டும் சனி, ஞாயிறுகளில் கூட்டமாக இருக்கும், மௌனம் கிடைக்காது. ஏற்காட்டுப் பங்குத்தந்தையிடம் முன்பே பேசி ஆலய வளாகத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். மாலை 3 மணிக்கு இறை இரக்க செபமாலையை அங்கேயே சொல்லலாம், அதற்குச் சாதாரண செபமாலை மணிகளே போதும், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கோடை மழை பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, அதனால் கூரை இருக்கிற இடமாகப் பாருங்கள். வாசகங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் அச்சடித்து, முதல் நாளே எல்லார் வீட்டிலும் கொடுத்துவிடுங்கள்.