தைராய்டு புற்றுநோய் ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு: ஏன்? கேள்வி பதில்

புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்ப்பவன் நான். மருத்துவமனைகளிலிருந்து வரும் பயாப்ஸி அறிக்கைகளைப் படித்து, யாருக்கு எந்த உறுப்பில் என்ன வகை என்று குறியிட்டுக் கணக்கில் சேர்ப்பது என் வேலை. சிகிச்சை தருபவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பிரபா: சில நாடுகளில் இந்த நோய் மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று படித்தேன். அங்கே தண்ணீரில், காற்றில் அப்படி என்ன இருக்கிறது சார்?

தண்ணீரையும் காற்றையும் சந்தேகிப்பதற்கு முன்னால், அங்கே எத்தனை பேர் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான வித்தியாசத்துக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

தென் கொரியாவின் கதையைப் பாருங்கள். 1999-ல் அங்கே தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் தைராய்டு கிடையாது. ஆனால் மற்ற பரிசோதனைக்கு வந்தவர்களிடம் "கொஞ்சம் பணம் சேர்த்துக் கட்டினால் கழுத்தையும் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிடலாம்" என்றார்கள். வந்ததுதான் வந்தோம், இதையும் பார்த்துவிடுவோம் என்று பலரும் பார்த்தார்கள். 2011-ல் அங்கே தைராய்டு புற்றுநோய் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் கண்டுபிடித்தார்கள். அதே காலத்தில் இந்த நோயால் இறந்தவர்களோ ஆண்டுக்கு 300 முதல் 400 பேர். அந்த எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய சாட்சி. 2014-ல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி எல்லாம் அதைப் பேசின. 2013-ல் சுமார் 43,000 ஆக இருந்த தைராய்டு அறுவை சிகிச்சைகள் 2014-ல் சுமார் 28,000 ஆகக் குறைந்தன. ஒரே வருடத்தில் நாட்டின் தண்ணீரும் காற்றும் மாறிவிடவில்லையே.

செந்தில்: அப்படியென்றால் அந்த 40,000 பேருக்கும் வந்தது புற்றுநோயே இல்லையா? டாக்டர்கள் பொய் சொன்னார்களா?

இல்லை, பொய் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அது புற்றுநோய்தான். பிரச்சினை வேறு: பாப்பில்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் பலருடைய கழுத்தில் ஒன்றும் செய்யாமல் ஆயுள் முழுக்க இருந்துவிட்டுப் போகிறது.

1985-ல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு ஒன்று உண்டு. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டு சுரப்பிகளை எடுத்து, இரண்டரை மில்லிமீட்டர் தடிமனில் சீவிப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு, துல்லியமாகச் சொன்னால் 35.6 சதவீதம் பேருக்கு, பாப்பில்லரி புற்றுநோய் இருந்தது. இன்னும் மெல்லியதாகச் சீவியிருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் பொடிமீனும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

என் மேஜையிலும் இதைப் பார்க்கலாம். கழலை பெரிதாகிவிட்டது என்று சுரப்பியை எடுத்திருப்பார்கள், புற்றுநோய் சந்தேகமே இருந்திருக்காது. அறிக்கையின் கடைசி வரியில் "0.3 செ.மீ. அளவில் பாப்பில்லரி புற்றுநோய்" என்று இருக்கும். விதிப்படி அதையும் ஒரு நோயாளி என்று நான் எண்ணியே ஆக வேண்டும். பொறுமையாக நிறையச் சீவிப் பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாலே அந்த வட்டாரத்தின் விகிதம் கொஞ்சம் ஏறிவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

12 நாடுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 4,70,000 பெண்களுக்கும் 90,000 ஆண்களுக்கும் இப்படித் தேவையில்லாமல் நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆய்வின் கடைசி ஆண்டுகளில், பெண்களிடம் கண்டுபிடித்தவற்றில் கொரியாவில் சுமார் 90 சதவீதமும், அமெரிக்கா, இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரேலியாவில் 70 முதல் 80 சதவீதமும், ஜப்பான், நார்டிக் நாடுகள், இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் பாதியும் இந்த ரகம். நாட்டுக்கு நாடு இருக்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது.

மேரி: கண்டுபிடித்தால் நல்லதுதானே? முன்கூட்டியே எடுத்துவிட்டால் நிம்மதி.

எடுப்பது இலவசமாக முடிவதில்லை. சுரப்பி முழுவதையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தினமும் ஹார்மோன் மாத்திரை. சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பாரா தைராய்டுகள் அடிபட்டால் கால்சியம் குறையும், கை கால் மரத்துப் போகும், இழுக்கும். கொரியாவில் காப்பீட்டுக் கணக்கைப் பார்த்தபோது அறுவை செய்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடும், 2 சதவீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழப்பும் வந்திருந்தன. காப்பாற்ற வேண்டிய உயிருக்கு இது சின்ன விலை. ஆபத்தே இல்லாத ஒரு புள்ளிக்கு இது பெரிய விலை.

அன்வர்: அப்போ உண்மையான வித்தியாசத்தை எதை வைத்துப் பார்ப்பது?

இறப்பு விகிதத்தை வைத்துப் பாருங்கள். ஸ்கேன் மெஷின் இறப்புக் கணக்கை ஏற்றாது. அமெரிக்காவில் 1975-ல் லட்சத்துக்கு 4.9 ஆக இருந்த நோய் விகிதம் 2009-ல் 14.3. இறப்பு விகிதம் அப்போதும் லட்சத்துக்கு சுமார் 0.5, பின்னரும் 0.5.

2020-க்கான உலகக் கணக்கில் சுமார் 5,86,000 புதிய நோயாளிகள், சுமார் 44,000 இறப்புகள். வசதியான நாடுகளில் நோய் விகிதம் பல மடங்கு அதிகம், ஆனால் இறப்பு விகிதத்தில் பெரிய இடைவெளி இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விகிதம் குறைவாக இருக்கும் எல்லா இடங்களும் ஆரோக்கியமான இடங்கள் என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் கட்டி வெளியே தெரியுமளவுக்கு வளர்ந்த பிறகே ஆள் மருத்துவமனைக்கு வருகிறார். சில இடங்களில் பதிவேடே கிடையாது.

இடங்களை ஒப்பிடும்போது வயதுக்கேற்பச் சரிசெய்த விகிதம்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் அதிகமுள்ள ஊரையும் இளைஞர்கள் நிறைந்த ஊரையும் சும்மா எண்ணிக்கையில் ஒப்பிட்டுச் சிவப்பு, மஞ்சள் என்று வரைபடம் போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கவிதா: பெண்களுக்குத்தானே இது அதிகம்? ஏன்?

கணக்கில் ஆண்களைப் போல மூன்று மடங்கு. ஆனால் பிரேதப் பரிசோதனைகளில் தற்செயலாகக் கிடைக்கும் சின்னக் கட்டிகள் ஆண், பெண் இருவரிடமும் ஏறக்குறைய சமம். கொல்லும் வகைகளும் இருவரிடமும் ஏறக்குறைய சமம். இடைவெளி பெரும்பாலும் நடுவில், அதாவது ஸ்கேனில் பிடிபடும் சின்ன பாப்பில்லரி கட்டிகளில்தான். பெண்கள் மருத்துவரிடம் அதிகம் போகிறார்கள், தைராய்டு ஹார்மோன் கோளாறும் அவர்களுக்கு அதிகம், அதனால் அவர்கள் கழுத்தில் ஸ்கேன் அதிகம் ஓடுகிறது.

ராஜன்: எல்லாவற்றையும் ஸ்கேன் மேல் போடுகிறீர்களே. செர்னோபில்?

நியாயமான கேள்வி. செர்னோபில் அசல் கேஸ், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

1986 ஏப்ரல் 26-ல் உக்ரைனில் இருந்த அந்த அணு உலை வெடித்தபோது வெளியே வந்தவற்றில் அயோடின்-131 ஒன்று. அது புல்லில் படிந்தது, புல்லை மாடு மேய்ந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். தைராய்டுக்கு நல்ல அயோடின், கதிர்வீச்சு அயோடின் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, வந்ததை இழுத்துக்கொள்ளும். குழந்தையின் சுரப்பி சின்னது என்பதால் ஒரு கிராமுக்கு ஏறும் கதிர்வீச்சு அதிகம். அந்த வட்டாரத்தில் அயோடின் பற்றாக்குறையும் இருந்ததால் சுரப்பி இன்னும் பசியோடு இழுத்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில், அப்போது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் 2005-க்குள் 6,000 பேருக்கு மேல் இந்தப் புற்றுநோய் வந்தது. அதில் ஒரு பங்கு தீவிரமாகத் தேடியதாலும் வந்ததுதான், ஆனால் கதிர்வீச்சின் பங்கு பெரியது.

அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். ஆகவே அந்த முதல் சில வாரங்கள் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதி தப்பியிருக்கும். பக்கத்து நாடான போலந்தில் அவசரமாகக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் கொடுத்தார்கள். சுரப்பி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கெட்ட அயோடினுக்கு இடம் இருக்காது என்பதுதான் அதன் கணக்கு.

ராஜன் (மீண்டும்): அப்போ புகுஷிமாவும் அதே மாதிரிதானே?

இல்லை. 2011-ல் ஜப்பானின் புகுஷிமாவில் நடந்த அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்குக் கழுத்தில் ஸ்கேன் செய்தார்கள், முதல் சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் புற்றுநோய் உறுதியானது அல்லது சந்தேகிக்கப்பட்டது. உலகமே பதறியது. ஆனால் அவர்கள் வாங்கிய கதிர்வீச்சு செர்னோபிலைவிட மிகக் குறைவு. விபத்து தொடாத ஆவோமோரி, யமனாஷி, நாகசாகி பகுதிப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி ஸ்கேன் செய்து பார்த்தபோது கட்டிகளும் நீர்க்கட்டிகளும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இருந்தன. அந்த எண்ணிக்கை கதிர்வீச்சால் வந்ததல்ல, ஸ்கேனால் வந்தது என்பதுதான் ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழுவின் முடிவும். அணு விபத்துக்குப் பிறகுகூட ஊர் முழுக்கத் தைராய்டு ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018-ல் பரிந்துரைத்தது.

சுரேஷ்: கேரளத்தில் இது அதிகம் என்கிறார்கள். கடற்கரை மணலில் உள்ள கதிர்வீச்சுதானே காரணம்?

திருவனந்தபுரம், கொல்லம் பதிவேடுகளில் பெண்களின் விகிதம் இந்தியாவின் பல இடங்களைவிட அதிகம் என்பது உண்மை. அந்தக் கடற்கரையின் மோனசைட் என்ற கனிம மணலில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருப்பதும் உண்மை. ஆனால் அந்த மணல் உள்ள கருநாகப்பள்ளி வட்டாரத்தில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள இடத்தில் வாழ்வதால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, மக்கள் தயங்காமல் போகிறார்கள், நோய் பதிவாகிறது. என் சந்தேகம் முதலில் அந்தப் பக்கம்தான் போகும்.

தேவி: அயோடின் உப்பு வந்த பிறகுதான் இது கூடியது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. உப்பை மாற்றிவிடலாமா அண்ணா?

மாற்றாதீர்கள். அயோடின் குறைவாக உள்ள பகுதிகளில் முன்கழுத்துக் கழலை அதிகம், ஃபாலிக்குலர், அனப்ளாஸ்டிக் போன்ற மோசமான வகைகளின் பங்கும் அதிகம். அயோடின் போதுமான அளவு கிடைத்ததும் மொத்தத்தில் பாப்பில்லரியின் பங்கு கூடுகிறது, மற்றவை குறைகின்றன. அனப்ளாஸ்டிக் வந்தவர்கள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் உயிரோடு இருப்பார்கள், பாப்பில்லரி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண ஆயுள் வாழ்கிறார்கள். இந்த மாற்றம் நமக்கு லாபம். அயோடின் இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும், அதை அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லியிருக்காது.

இளங்கோ: எரிமலைப் பகுதிகளில் அதிகம் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை, ஸ்கேன் விளக்கம் முழுசாகப் பொருந்தாத இடம் இது. ஹவாய், ஐஸ்லாந்து இரண்டும் அல்ட்ராசவுண்ட் பரவுவதற்கு முன்பே பட்டியலில் மேலே இருந்தவை. சிசிலித் தீவில் எட்னா எரிமலை உள்ள கத்தானியா மாகாணத்துப் பெண்களிடம் விகிதம் தீவின் மற்ற பகுதிகளைவிட இரு மடங்குக்கும் மேல். பாப்பில்லரி வகைதான் அங்கே கூடியிருக்கிறது, மற்றவை கூடவில்லை. நிலத்தடி நீரில் கலக்கும் உலோகங்களைச் சந்தேகிக்கிறார்கள், ஆனால் இன்னதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை. மரபும் சேரலாம்: அமெரிக்காவில் குடியேறிய பிலிப்பைன்ஸ் வம்சாவளிப் பெண்களிடம் மற்றவர்களைவிட விகிதம் அதிகம்.

பாலா: செல்போன்? முட்டைக்கோஸ்? பல் எக்ஸ்ரே?

செல்போனுக்கு ஆதாரம் இல்லை. முட்டைக்கோஸைச் சமைத்துச் சாப்பிடுங்கள். பல் எக்ஸ்ரே தேவையென்றால் எடுங்கள், தேவையில்லாமல் அடிக்கடி வேண்டாம், குழந்தைகளுக்கு முக்கியமாக. சிறுவயதில் தலை, கழுத்துக்குக் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் நிஜமாகவே ஆபத்து கூடுதல், அவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

நித்யா: அக்காவுக்கு 6 மில்லிமீட்டர் கட்டி, ஊசிப் பரிசோதனையில் பாப்பில்லரி என்று வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். உடனே ஆபரேஷனா?

முடிவு அக்காவின் மருத்துவருடையது. ஆனால் "காத்திருந்து கவனிக்கலாமா?" என்று அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா மருத்துவமனையில் 1993 முதல் இதைச் செய்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத கட்டி உள்ளவர்களை அறுக்காமல் குறித்த இடைவெளியில் ஸ்கேன் மட்டும் செய்து கவனித்தார்கள். அப்படி 1,235 பேரைப் பார்த்ததில், பத்து ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதம் பேருக்கு, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியது 3.8 சதவீதம் பேருக்கு. பிறகு அவர்களுக்கு அறுவை செய்தார்கள், தாமதத்தால் யாரும் இறக்கவில்லை. கட்டி மூச்சுக்குழாயை ஒட்டியோ குரல் நரம்பை ஒட்டியோ இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, அதை ஸ்கேன் அறிக்கையில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிரபா: கடைசியாக ஒன்று சார். நான் இப்போது ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வேண்டாமா?

கழுத்தில் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால், குரல் கம்மி வாரக் கணக்கில் சரியாகாமல் இருந்தால், விழுங்கச் சிரமம் இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி என்ற, பரம்பரையாக வரக்கூடிய தைராய்டு புற்றுநோய் வகை இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் போங்கள். அவர் சொன்னால் ஸ்கேன் எடுங்கள். இவை எதுவும் இல்லை, உடல் பரிசோதனைப் பேக்கேஜில் இலவசமாகச் சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காக என்றால் வேண்டாம். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2017-ல் அறிகுறி இல்லாத பெரியவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொன்னது.